சூப்பர்சார்ஜர் வண்டியும் நெல்லைச் சீமைச் சாலையும்: வேகத்தில் கைக்குள் வைத்திருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

துபாயிலிருந்து திரும்பிய அத்தான் ஒருவர் டிஃபெண்டர் வி8 என்ற சூப்பர்சார்ஜர் எஸ்.யூ.வி. வாங்கினார். வாங்கிய வாரமே, "மாப்ளே, கோவில்பட்டி வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம்" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். கங்கைகொண்டான் தாண்டி ஒரு பஸ்ஸை முந்த வேண்டியிருந்தது. நான் பல வருடமாக ஓட்டுவது பழைய டீசல் ஜீப். மிதித்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால்தான் அது கிளம்பும். அந்தப் பழக்கத்தில் இதையும் மிதித்தேன். பஸ் பின்னால் போனதும் மீட்டரைப் பார்த்தால் 140. உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏசி ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, அத்தான் பக்கத்தில் கடலை உரித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. இந்த வண்டிகளில் வேகம் கேட்காமலே வந்துவிடும். அதை இறக்கி வைப்பதுதான் ஓட்டுகிறவன் வேலை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இறக்கி வைக்கும் வேலையைப் பற்றியதுதான். 200-ல் போவது எப்படி என்று தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. பலகையில் போட்டிருக்கும் எண்தான் வரம்பு. அந்த எண்ணிலேயே இப்படிப்பட்ட வண்டி என்னவெல்லாம் செய்யும் என்பதே நம் பாடத்துக்குப் போதும்.

படி 1: எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளினால் அதே எஞ்சினில் அதிக எரிபொருளை எரிக்கலாம். டர்போ இந்த வேலையை வெளியேறும் புகையின் பலத்தில் செய்கிறது. புகை வேகமெடுக்கும்வரை அது காத்திருக்க வேண்டும். சூப்பர்சார்ஜரை கிராங்க் ஷாஃப்டே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். அதனால் காத்திருப்பு கிடையாது, கால் பட்ட உடனே இழுவை. அத்தான் வண்டியில் 5 லிட்டர் எஞ்சின், 525 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்தரை வினாடிகூட ஆகாது. ஜீப் கம்பெனியின் டிராக்ஹாக் இன்னும் ஒரு படி மேலே: 6.2 லிட்டர், 707 குதிரைத்திறன்.

மாறாதது எடையும் உயரமும். டிஃபெண்டர் வி8 ஆள் ஏறாமலே இரண்டரை டன் பக்கம் வரும். ஐந்து பேர், சாமான், ஒரு டேங்க் பெட்ரோல் சேர்ந்தால் மூன்று டன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏற ஏற வண்டிக்குள் சேரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-ல் இருப்பதைப்போல 140-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதை முழுக்க வெப்பமாக்கி வெளியே அனுப்ப வேண்டியது நான்கு பிரேக் டிஸ்க்குகள்தான்.

உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தில் பாதியை எடுத்து, தரையிலிருந்து எடைமையம் இருக்கும் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை வண்டி கவிழும் வாய்ப்பை மதிப்பிட இந்த எண்ணைத்தான் அடிப்படையாக வைக்கிறது. சாதாரணக் கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை வரும். உயரமான எஸ்.யூ.வி.க்களுக்குப் பெரும்பாலும் 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய வண்டி சாய்வதற்குச் சுளுவு. சஸ்பென்ஷனுக்கு அடியில் ஸ்பேசர் வைத்து இரண்டு அங்குலம் தூக்கினால் இந்த எண்ணை நீங்களே குறைக்கிறீர்கள். கம்பீரமாக இருக்கும்தான், மறுக்கவில்லை.

படி 2: டயர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன்சக்கரத்துக்குக் காற்று எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), பின்சக்கரத்துக்கு எவ்வளவு, முழுப் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று எல்லாம் அதில் போட்டிருக்கும். அந்த எண்கள் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டியவை. காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்த்தால் சரி. நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் பெரிய வண்டி என்றாலே, "அண்ணாச்சி, 40 வச்சிருக்கேன், ஜம்முனு போவும்" என்பார்கள். 40 வைத்தால் டயரின் நடுப்பட்டை மட்டும் தரையில் படும், பிரேக் பிடிக்கும் பரப்பு குறையும். ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு ஸ்டிக்கரில் உள்ளதை வைக்கச் சொல்லுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

காற்று அதிகமாக இருப்பதைவிடக் குறைவாக இருப்பதுதான் ஆளைக் கொல்வது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு. 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்த கதை இதுதான். பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற எஸ்.யூ.வி.யில் ஓடியவை. ஓடும்போதே டயரின் மேல்பட்டை பிரிந்து வர, வண்டி கவிழ்ந்து, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டயரில் குறை இருந்தது. அதோடு அந்த வண்டிக்குச் சொல்லப்பட்டிருந்த காற்றழுத்தமே 26 பி.எஸ்.ஐ.தான். விபத்துகள் அதிகம் நடந்தது வெயில் அதிகமான தென்மாநிலங்களில். சித்திரை மாதம் மத்தியானம் கயத்தாறில் இறங்கி ரோட்டில் கையை வைத்துப் பாருங்கள், இந்தக் கதையை நான் ஏன் இழுக்கிறேன் என்று புரியும்.

ஒரு மணி நேரம் ஓடியபின் 35 இருந்த டயர் 39, 40 காட்டும். அது இயல்பு. பயந்துபோய் நடுவழியில் காற்றை இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் மறுநாள் காலை டயர் குறைவாக நிற்கும்.

அடுத்து, டயர் ஓரத்தில் அளவுக்குப் பின்னால் வரும் எழுத்து. க்யூ என்றால் அந்த டயர் 160 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும். எஸ் 180, டி 190, எச் 210, வி 240. கம்பெனியிலிருந்து வரும் டயரை வண்டியின் வேகத்துக்குப் பொருத்தித்தான் கொடுத்திருப்பார்கள். நாம்தான் அதைக் கழற்றிவிட்டுப் பல்லுப் பல்லாக ஒரு சேற்று டயரை மாட்டுவோம். அவற்றில் பல க்யூ எழுத்துடையவை. கட்டைகட்டையாக இருப்பதால் தார் ரோட்டில், அதுவும் ஈரத்தில், பிடிப்பு குறைவு. 500 குதிரைத்திறன் வண்டிக்கு க்யூ டயர் போடுவது ஆனைக்குச் சணல் கயிறு கட்டுவதுபோல.

வயதையும் பாருங்கள். டயரில் நான்கு இலக்கம் ஒன்று குத்தியிருக்கும். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் (டயரின் வெட்டு ஆழம்) எவ்வளவு இருந்தாலும், நான் வேகச்சாலைக்கு எடுப்பதில்லை. சட்டப்படி பட்டன் 1.6 மில்லிமீட்டர்வரை தேயலாம். நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். வீட்டில் திட்டு விழும்.

இவ்வளவு செய்தும் டயர் வெடித்தால்? பிரேக்கில் கால் வைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுங்கள். வண்டி 50-க்குக் கீழே தானாக இறங்கியபின் ஓரம் கட்டுங்கள். வெடித்த சத்தத்தில் முதலில் பிரேக்குக்குத்தான் கால் ஓடும். அதனால் இதை வீட்டில் உட்கார்ந்து பத்துத் தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

படி 3: ஏறும் முன்

மேலே கேரியரில் என்ன இருக்கிறது? நம் பக்கம் கோயில் கொடைக்குப் போனால் அரிசி மூட்டை, அண்டா, கேஸ் அடுப்பு எல்லாம் தலைக்குமேல் ஏறிவிடும். கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் எடைமையத்தை மேலே தூக்கும். கனத்தைக் கீழே வையுங்கள், மேலே மெத்தை, பாய், தலையணை மட்டும். பின்சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைக் கட்டிவையுங்கள். வண்டி சட்டென்று நின்றால் கேன் நிற்காது.

முன்னால் இரும்புக் கம்பி மாட்டியிருந்தால் கழற்றுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லிவிட்டது. மோதலில் நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பாகங்களுக்கு முன்னால் நசுங்காத ஒன்றை வைத்தால் ஏர்பேக் விரியும் நேரமே தப்பிப்போகும். பின்சீட்டிலும் பெல்ட். வண்டி உருளும்போது சாவதில் பலர் வெளியே தூக்கி எறியப்பட்டவர்கள். ஆச்சி "மூச்சு முட்டுதுலே" என்பார்கள், இருந்தாலும் போட்டுவிடுங்கள்.

படி 4: பிரேக்கைப் பழகுவது

பாளையங்கோட்டையைச் சுற்றி மனை போட்டு, தார் ரோடும் போட்டு, வீடு ஒன்றுகூட வராமல் கிடக்கும் நகர்கள் எத்தனையோ. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஆள், ஆடு இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஒரு இடத்தில் இரண்டு தேங்காய் மட்டையை வையுங்கள். 40-ல் வந்து மட்டைக்கு நேராக முழுப் பலத்தோடு பிரேக்கை மிதியுங்கள். பாதி மிதி போதாது, பெடல் தரையில் ஒட்ட வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது கால் கிடுகிடுவென்று உதறும், கீழே கரகரவென்று சத்தம் வரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. இந்த உதறலைக் கால் ஒருமுறை உணர்ந்துவிட்டால் நிஜமாகத் தேவைப்படும் அன்று அது பின்வாங்காது.

அப்புறம் 60-ல். வண்டி நின்றதும் இறங்கி, மட்டையிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று நடந்து எண்ணுங்கள். மூக்கு எவ்வளவு குனிந்தது, பின்பக்கம் எப்படித் தூக்கியது என்பதையும் கவனியுங்கள். பிரேக் போட்டால் பாரம் முன்சக்கரத்துக்கு ஓடும். பின்சக்கரம் தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். இந்த ஓட்டம் உடம்புக்குத் தெரிய வேண்டும், அடுத்த படிக்கு அதுதான் அடிப்படை.

நல்ல டயர், காய்ந்த தார் ரோடு என்று வைத்து நான் போட்ட கணக்கு: பிரேக் பிடித்த பிறகு 80-ல் சுமார் 32 மீட்டர், 100-ல் 49, 120-ல் 71, 140-ல் 96. இதோடு, பார்த்துக் கால் போகும் அந்த ஒரு வினாடிக்கு 80-ல் 22 மீட்டரும் 140-ல் 39 மீட்டரும் சேர்க்க வேண்டும். ஆக 140-ல் 135 மீட்டர். கால்பந்து மைதானம் ஒன்றே 100, 110 மீட்டர்தான். ஈரமாக இருந்தால் 100-லேயே பிரேக் தூரம் 80 மீட்டர் பக்கம் போகும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை இருப்பதால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிளம்புவதற்குத்தான் அது உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு டயர்தான், நான்கு பிரேக்தான்.

படி 5: வளைவும் சட்டென்று ஒடிப்பதும்

வளைவுக்கு முன்னால் நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் கால் சீராக இருக்கட்டும். ரோடு நேராகத் தெரிந்தபின் மெதுவாக மிதியுங்கள். டர்போ டீசலில் வளைவின் நடுவில் கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தாலும் அது யோசித்துத்தான் தரும், அதற்குள் வளைவு முடிந்துவிடும். சூப்பர்சார்ஜர் யோசிக்காது. வளைவுக்குள் பயந்து சட்டென்று காலை எடுப்பதும் ஆபத்துதான். பாரம் முன்னே ஓடி, பின்பக்கம் வெளியே வீசும்.

எஸ்.யூ.வி.க்களைத் தெரிந்தவர்கள் அதிகம் பயப்படுவது வளைவைவிட நேர்ரோட்டில் இடமாக ஒடித்து, உடனே வலமாகத் திருப்புவதற்கு. ஸ்வீடன்காரர்கள் ரோட்டில் குறுக்கே வரும் எல்க் மானை மனதில் வைத்து இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். முதல் திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது, அழுந்திய ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறது, அதே நேரம் நீங்கள் எதிர்ப்பக்கம் திருப்புவதும் வண்டியை அதே பக்கமே சாய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுவிடும். அதனால் எதிரே ஏதாவது வந்தால் முதலில் முழு பிரேக், ஸ்டீயரிங் பிறகு. நாய் என்றால், மனசு கேட்காதுதான், நேராகப் பிரேக் போட்டுக்கொண்டே போவதுதான் வழி.

ஈ.எஸ்.சி. எனப்படும் கருவி வண்டி எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ற சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நேராக்கும். அதை அணைக்கும் பட்டன் மணலுக்காக வைத்தது. தார் ரோட்டில் அதைத் தொடாதீர்கள்.

வண்டி வெறும் வேகத்தால் தானாகக் கவிழ்வது அபூர்வம். பக்கவாட்டில் வழுக்கிப் போய்ச் சக்கரம் எதிலாவது இடறித்தான் பெரும்பாலும் உருளும்: நடுத்திட்டுக் கல், மண் ஓரம், ஓடை. இதை நான் மூன்றடைப்பு அருகே கற்றேன். கிடைக்குப் போகிற ஆட்டுக்கூட்டத்துக்காக ஒதுங்கியபோது இடது சக்கரம் இரண்டும் தார் விட்டு இறங்கிவிட்டன. தாருக்கும் மண்ணுக்கும் அரை முழப் பள்ளம், ஓரத்தில் மண் நிரவாமலே வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் பதறி வலது பக்கம் ஒடித்தேன். சக்கரம் முதலில் ஏறவில்லை, தார் விளிம்பை உரசிக்கொண்டே ஓடியது. இன்னும் கொஞ்சம் ஒடித்தேன். ஏறியதும் அந்த மொத்த ஒடிப்பும் ஒரே நேரத்தில் வேலை செய்தது, வண்டி எதிர்த்திட்டைப் பார்த்துப் பாய்ந்தது. 60-ல் இருந்ததால் பிழைத்தேன். செய்ய வேண்டியிருந்தது இதுதான்: இறங்கியது இறங்கியதாகவே நேராகப் பிடித்து, பிரேக் போடாமல் காலை மட்டும் எடுத்து, 30 வரை வேகம் விழுந்தபின் மெதுவாக ஏற்றியிருக்க வேண்டும். ஆடுகள் ஒன்றுமே நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தன.

படி 6: வள்ளியூர் தாண்டினால் காற்று

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வரும் காற்றைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? அலமாரி மாதிரி நிமிர்ந்த பக்கங்களோடு வரும் வண்டிக்கு அந்தக் காற்று எங்கே, எப்படி அடிக்கும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வள்ளியூரிலிருந்து பணகுடி, காவல்கிணறு பக்கம் தெற்கே போகும்போது மேற்கு உங்கள் வலது கை. காற்று வண்டியை இடது ஓரத்துக்குத் தள்ளும். இது ஒரே சீராகத் தள்ளுவதால் கை பழகிக்கொள்ளும். திரும்பி வடக்கே வரும்போதுதான் சிக்கல். இப்போது காற்று இடது பக்கம். இடது தடத்தில் ஒரு கண்டெய்னர் லாரி போகிறது, அதை நீங்கள் வலப்பக்கமாக முந்துகிறீர்கள். லாரியின் மறைவுக்குள் போனதும் காற்று அடங்கிவிடும். அதுவரை காற்றுக்கு எதிராக இடது பக்கம் லேசாகப் பிடித்திருந்த கை, வண்டியை லாரியை நோக்கி இழுக்கும். சரிசெய்கிறீர்கள். லாரியின் மூக்கைத் தாண்டிய கணத்தில் மொத்தக் காற்றும் ஒரே அறையாக அடித்து, நடுத்திட்டை நோக்கித் தள்ளும். சூப்பர்சார்ஜர் வண்டியில் இந்தக் கணத்தில் நீங்கள் எவ்வளவு வேகத்தில் இருப்பீர்கள் என்பதை கங்கைகொண்டான் கதையில் பார்த்தோம்.

ஆகவே காற்றுக்காலத்தில் பணகுடிக்கு முன்பே 80-க்கு இறங்கிவிடுங்கள். முந்தும்போது வேகத்தை ஏற்றாமல் இருந்த வேகத்திலேயே முந்துங்கள். லாரிக்கும் உங்களுக்கும் நடுவே முடிந்த அளவு இடம் விடுங்கள். லாரி மூக்கை நெருங்கும்போதே கையை இறுக்காமல் தயாராக வையுங்கள். ஸ்டீயரிங்கை நெரித்துப் பிடிக்கிறவன் காற்று அடித்ததும் அதிகமாகத் திருப்பிவிடுவான்.

காற்றாலை இறக்கை ஏற்றி வரும் டிரெய்லரைப் பார்த்தால் முந்தும் எண்ணத்தையே விடுங்கள். திருப்பத்தில் அதன் வால் எந்தப் பக்கம் வீசும் என்று அதை ஓட்டுகிறவருக்கே முன்னும் பின்னும் ஆள் சொல்ல வேண்டியிருக்கிறது. நாகர்கோவில் போகிறவர்கள் எப்படியும் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நிறுத்துவோம். இறங்கும்போது கதவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். துன்னூறு கையிலேயே நிற்காமல் பறந்தால் அன்றைக்கு 70 போதும்.

படி 7: குறுக்கே வருகிறவர்கள்

நான்குவழிச் சாலை என்று பெயர்தான். நடுத்திட்டு இடைவெளியில் எதிர்ப்பக்கமாக பைக் வரும், வாழைத்தார் ஏற்றிய மினிலாரி விளக்கில்லாமல் நிற்கும், அறுவடைக் காலத்தில் வைக்கோல் டிராக்டர் ஒன்றரைத் தடத்தை அடைத்துக்கொண்டு போகும். மயில் இருக்கிறதே, அது ஓடலாமா பறக்கலாமா என்று முடிவெடுப்பதற்குள் கண்ணாடிக்கு வந்துவிடும். உயரமாக உட்கார்ந்திருப்பதால் எல்லாம் தூரத்திலேயே தெரிகிறது என்ற தெம்பு வரும். அதே உயரத்தால் வேகம் குறைவாகவும் தோன்றும், தரை கண்ணிலிருந்து தள்ளி இருப்பதால் அப்படி. அத்தானுக்கு நான் சொன்னது: மீட்டரை நம்புங்க, கண்ணை நம்பாதீங்க.

ராத்திரியில் லோ பீம் காட்டும் தூரம் பெரும்பாலும் 60 மீட்டர் அளவுதான். மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள்: 80-ல் 54 மீட்டர், 100-லேயே 77 மீட்டர் வேண்டும். நான் ராத்திரி 80-க்கு மேல் போவதில்லை.

படி 8: தண்ணீர்

ரோட்டில் தேங்கிய தண்ணீரை டயர் பிதுக்கி வெளியே தள்ள முடியாதபோது வண்டி தண்ணீர்மேல் மிதக்கும். நாசா விமானச் சக்கரங்களை வைத்துச் சொன்ன ஒரு கணக்கின்படி 32 பி.எஸ்.ஐ. டயருக்கு அந்த வேகம் ஏறக்குறைய 94. தேய்ந்த டயர், அகலமான டயர் என்றால் அதற்கும் முன்னாலேயே. இந்த வண்டிகளின் டயர் எல்லாமே அகலம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் 60. ஸ்டீயரிங் திடீரென்று வெண்ணெய்போல் லேசாகிவிட்டால் மிதக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒன்றும் செய்யாமல் காலை மட்டும் எடுங்கள். க்ரூஸ் கண்ட்ரோல் மழையில் வேண்டவே வேண்டாம்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் திரும்பி வந்துவிடுங்கள். டிஃபெண்டர் 90 சென்டிமீட்டர் ஆழம்வரை போகும் என்று கம்பெனி சொல்வது உண்மை. அது அடித்தரை தெரிந்த, ஓட்டமில்லாத தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் பெரிய வண்டியையும் தள்ளிவிடும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ரோடு எது, வாய்க்கால் எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுவிட்டது.

படி 9: மலை

ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வார்கள். செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனாலும், காரையாறு சொரிமுத்தையனாரைப் பார்க்கப் போனாலும் அதேதான். ஆட்டோமேட்டிக் என்றால் கைமுறைக்கு மாற்றி 2 அல்லது 3-ல் வையுங்கள். மூன்று டன்னை பிரேக்காலேயே பிடித்து இறக்கினால் டிஸ்க் கொதித்து, பெடல் பஞ்சுபோல் ஆகிவிடும். ஏறும்போது இன்னொன்று: அழுத்திய காற்று சூடான காற்று. தொடர்ந்து மிதித்தால் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சூடேறி, எஞ்சின் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். மெதுவாக ஏறுங்கள். பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையாமல் போடுங்கள், மலைக்குப் போகும் முன் ஊருக்குள்ளேயே.

படி 10: தேரி

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடுகளைப் பார்த்தாலே இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவனுக்குக் கால் அரிக்கும். குதிரைமொழித் தேரி போன்றவை காப்புக்காடு, அங்கே சக்கரம் இறக்கக் கூடாது. பட்டா நிலம் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிற கூட்டத்துக்கு நடுவே வேண்டாம்.

காலையில், மணல் குளிர்ந்து இறுகியிருக்கும்போது போங்கள். காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயர் நீளமாகப் பரவி மணல்மேல் படுக்கும். ஈ.எஸ்.சி.யை இங்கே அணைக்கலாம். மிதிப்பது முட்டையை மிதிப்பதுபோல இருக்கட்டும். சூப்பர்சார்ஜர் இழுவையை முழுதாகக் கொடுத்தால் நான்கு சக்கரமும் நான்கு குழி தோண்டி வண்டியை வயிற்றில் உட்கார வைத்துவிடும். சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் உடனே நிறுத்திப் பின்னால் எடுங்கள். மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் கீழ்ப்பக்கச் சக்கரம் புதைந்து, படி 5-ல் சொன்ன இடறல்தான். பிரேக்கும் மெதுவாகத்தான், மணலில் வண்டி தானே நிற்கும்.

தார் ரோட்டுக்கு வந்ததும் ஈ.எஸ்.சி.யைப் போடுங்கள். அங்கேயே காற்றையும் நிரப்புங்கள், கையில் ஒரு 12 வோல்ட் கம்ப்ரெஸர் இருக்கட்டும். 18-ல் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. "திசையன்விளையில போய் அடிச்சுக்கலாம்" என்று அத்தான் சொன்னார். நான் இறங்கி, நான்கு டயருக்கும் அரை மணி நேரம் நின்று அடித்தேன்.

அப்படியும் திரும்பும் வழியில், நாங்குநேரி டோல் தாண்டி 90 தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. 80-க்கு இறங்கினால் நின்றுவிடுகிறது, 90 போனால் மறுபடி நடுக்கம். அத்தான் முகம் வெளிறிவிட்டது, புது வண்டி. ஓரமாக ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினோம். கடைப்பையன் குனிந்து பார்த்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றாமலே, ரிம்மின் உள்பக்கம் கையை விட்டு ஒரு பிடி ஈரச் செம்மண்ணை எடுத்து வெளியே போட்டான். "தேரிக்குப் போனியளா அண்ணாச்சி?" என்றான். நான்கு ரிம்மிலும் உள்பக்கம் தண்ணீர் பீய்ச்சி அடித்து, தரையில் சிவப்பாக ஓடி முடிந்தபின் வண்டியை எடுத்தோம். 100 வரை நடுக்கம் இல்லை.